மீட்டரில் தெரியாத அழுக்கு

கோச்சடையில் வீடு கட்டிக் குடிவந்த நாள் முதல் எனக்கு உப்புப் பயம்தான். போர் தண்ணீரில் பருப்பு வேகாது. குளியலறைக் குழாயெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். ஆர்.ஓ. மெஷின் விற்க வந்தவன் அந்தப் பயத்தைத்தான் பிடித்துக்கொண்டான். ஒரு டம்ளரில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவன் கொண்டுவந்தது. கம்பி வைத்த கருவியை இரண்டிலும் முக்கி பிளக்கைச் சொருகினான். ஒரே நிமிடத்தில் எங்கள் தண்ணீர் சாக்கடை போலப் பழுப்பேறி நுரைத்தது. அவனுடையது தெளிவாகவே நின்றது. "இதத்தான்க்கா இத்தனை நாளா குடிச்சிருக்கீங்க" என்றான். அன்றைக்கே பணத்தைக் கட்டினேன்.

அந்தப் பழுப்பு தண்ணீரின் அழுக்கே இல்லை. கம்பியின் இரும்பு கரைந்த நிறம். உப்புள்ள நீரில் மின்சாரம் பாயும், உப்பு நீக்கிய நீரில் அவ்வளவாகப் பாயாது. இதைக் காட்டிக்கொண்டு யார் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

போன பணத்தைக்கூட மறந்துவிடுவேன். டி.டி.எஸ். மீட்டர் 1,400லிருந்து 70க்கு இறங்கியதைப் பார்த்து, இனி நம் வீட்டுத் தண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை என்று நினைத்தேனே, அதுதான் நான் செய்த பெரிய தப்பு. அந்த மீட்டர் கரைந்த உப்பை மட்டுமே அளக்கும். கிருமி எத்தனை இருந்தாலும் அதில் தெரியாது. குடிக்கத்தான் மெஷின் தண்ணீர். பல் தேய்ப்பது, மோர் கடைவது, சட்னி அரைப்பது, வெள்ளரிக்காய் கழுவுவது எல்லாம் தரைத்தொட்டித் தண்ணீரில்தான். மெஷின் வந்த தெம்பில் இரண்டு வருடம் அந்தத் தொட்டியை நான் கழுவவே இல்லை. ஆறடி தள்ளி சாக்கடைக் குழி இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு முதலில் காய்ச்சல், பிறகு வாந்தி, நாலாம் நாள் கண்ணெல்லாம் மஞ்சள். "கண்ட பானிபூரியை வாங்கித் தின்னா வராம என்ன செய்யும்?" என்றார் என் நாத்தனார், பிள்ளையின் காதுபடவே. ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் ஏ என்று வந்தது. டாக்டர் கேட்ட கேள்வி வேறு: "ஒரு மாசத்துக்கு முன்னால உங்க தெருவுல எதுவும் தோண்டுனாங்களாம்மா?" இந்தக் கிருமி உள்ளே போய் நோயாகத் தெரிய 15 முதல் 50 நாள் வரை ஆகுமாம். காலண்டரைப் புரட்டினேன். சரியாக நாலு வாரத்துக்கு முன் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மழையில் சாக்கடை பொங்கி எங்கள் தொட்டி மூடிமேல் ஒரு பகல் முழுக்க நின்றது.

இதேபோலத்தான் 1955 நவம்பரில் டெல்லியில் யமுனை வெள்ளத்தோடு சாக்கடை குடிநீரில் கலந்தது. காமாலை பெருகியதோ அடுத்த மாதம்தான். கிட்டத்தட்ட 29,000 பேருக்கு வந்தது. அது ஹெபடைடிஸ் ஈ என்று பின்னாளில் தெரிந்தது. அதுவும் தண்ணீரில் பரவுவதுதான். காமாலை என்றால் போன வாரம் தின்றதைத் தேடாதீர்கள், ஒரு மாதம் பின்னால் எண்ணுங்கள். இதை நாத்தனாரிடமும் சொல்லிவிட்டேன்.

பிறகு தொட்டியைக் கழுவினோம், மூடியைச் சுற்றி முக்கால் அடி உயரத்துக்குக் கட்டினோம். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு மணி நேரம் விடுகிறோம். கிருமிக்குத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். ஆனால் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் கொதித்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். அதற்கு ஆர்.ஓ. வேண்டும். அதனால் மெஷினைத் தூக்கிப் போடவில்லை.

தண்ணீரைப் பரிசோதிக்கக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்குப் போங்கள். உப்புக் கணக்கோடு நிற்காமல் கிருமிப் பரிசோதனையையும் கேட்டுச் செய்யுங்கள். 100 மில்லியில் ஒரு ஈ.கோலைகூட இருக்கக் கூடாது என்பதுதான் இந்தியத் தர விதி. எங்கள் தொட்டியில் இருந்தது. குழாய்த் தண்ணீரோடு தொட்டித் தண்ணீரையும் தனியாகக் கொடுங்கள். காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும், முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.