ஜரிகைக் கம்பியும் அதன் பொற்பூச்சும்

அருணாசலேசுவரர் ஆலயத்தாற் புகழ்பெற்ற திருவண்ணாமலைக்கு வடக்கே, ஆரணியும் அதனைச் சூழ்ந்த கிராமங்களும் பட்டு நெசவிற்குப் பெயர்பெற்றவை. அங்கு தறியில் ஏற்றும் பொருள்களில் விலையுயர்ந்தது ஜரிகை. அஃது உண்டாகும் முறையை அறிந்த அங்கத்தினர் அதன் தரத்தையும் அறிவர்.

முற்காலத்தில் வெள்ளிக் கோலொன்றை நன்கு துலக்கி, அதன்மேல் பொற்றகடு சுற்றி, நெருப்பிற் காய்ச்சித் தேய்த்து ஒட்டவைப்பர். பின்னர் எஃகுத் தகட்டின் துளைகளில், பெரியதினின்று சிறியதாக, வரிசையாய் இழுப்பர். கோலில் அழுக்கோ எண்ணெயோ சிறிதிருப்பினும் அவ்விடத்தில் பொன் பற்றாது. விரலளவான அக்குற்றம் கம்பியில் பல கெஜம் நீளும். கம்பியின் விட்டம் பாதியானால் நீளம் நான்கு மடங்காகும். பூச்சின் கனமோ பாதியாகும். இழுக்க இழுக்க வெள்ளி விறைப்படையும். இடையிடையே காய்ச்சி இளக்காவிடில் அறுந்துபோம்.

இக்காலத்தில் முறை மாறியுள்ளது. காஞ்சீபுரத்தில் 1971-இல் அரசினர் நிறுவிய தமிழ்நாடு ஜரிகை ஆலையில், வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கி, சிவப்புப் பட்டிழைமேற் சுற்றி, இறுதியில் மின்சாரத்தால் பொன் பூசுகின்றனர். துலக்குதலின் அவசியம் மட்டும் மாறவில்லை.

சங்கத்தார் ஜரிகை கொள்முதல் செய்கையில் கவனிக்கத்தக்கவை:

1. இழையைப் பிரித்தால் உள்ளே சிவப்புப் பட்டு தோன்றவேண்டும். நூலோ செயற்கையிழையோ தோன்றின் அது போலி.

2. உரைகல்லில் தேய்த்து, வெள்ளியா செம்பா என்று பார்த்தல் வேண்டும்.

3. சிவப்பு நூலாலும் ஏமாற்றுதல் கூடும். ஆதலின், மொத்தமாய் வாங்குமுன் மாதிரியைச் சோதனைச் சாலைக்கு அனுப்புதல் நலம்.

போலி ஜரிகை விரைவிற் கறுக்கும். அப்போது பழி விற்றவனைச் சேராது, நெய்தவனையே சேரும்.