கழுத்துக் கறுப்பைத் தேய்க்காதே

கந்தர்வக்கோட்டை

அன்பு மகளுக்கு, பெரியம்மா எழுதுவது.

போனில் பேசினால் பாதியிலேயே வேறு பேச்சு வந்துவிடும், அதனால் எழுதுகிறேன். பேரன் கழுத்துக் கறுப்புப் போகவில்லை என்று கடலைமாவு போட்டுத் தேய்க்கிறாயாம். தேய்க்காதே. அது அழுக்கில்லை. உடம்பு பருத்த பிள்ளைகளுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கழுத்திலும் அக்குளிலும் தோல் இப்படிக் கறுத்துத் தடிக்கும். சர்க்கரை நோய் பின்னால் வரக்கூடும் என்பதற்கு அது ஓர் அடையாளம். தூக்கத்தில் குறட்டை விடுகிறான் என்றாயே, அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்.

அங்கன்வாடியில் நான் வேலை பார்த்த காலமெல்லாம் எடை குறைந்த பிள்ளைகளைத் தேடித் தேடிச் சத்துமாவு கொடுத்தோம். பிள்ளை இளைத்துவிடுமோ என்ற அந்தப் பயம் இன்னும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை. கன்னம் உப்பியிருந்தால் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று நம்புகிறோம். ஆனால் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் அதிக எடையுள்ள பிள்ளைகள் 2015-16இல் நூற்றுக்கு 2.1 பேர்; 2019-21இல் 3.4 பேர்.

அதற்காக அவன் தட்டில் சோற்றைக் குறைத்துப் பட்டினி போட்டுவிடாதே. வளர்கிற உடம்பு அது. பல பிள்ளைகளுக்கு எடை மேலே ஏறாமல் நின்றாலே போதும், உயரம் கூடக்கூடச் சரியாகிவிடும். வீட்டுக்குள் என்ன வருகிறது என்பதைத்தான் மாற்ற வேண்டும். பல குளிர்பானங்களில் 250 மில்லிக்கு ஐந்தாறு ஸ்பூன் சர்க்கரை இருக்கிறது. அவன் வயதுக்கு ஒரு நாள் முழுவதற்குமே அதற்கு மேல் போகக்கூடாது. பாலில் கலக்கிறாயே ஒரு பொடி, அந்த டப்பாவையும் திருப்பிப் படித்துப் பார். சாயங்காலம் சிப்ஸ் பாக்கெட்டுக்குப் பதில் நம் ஊர்க் கடலையை அவித்துக் கொடு. ஆதனக்கோட்டை முந்திரி நல்லதுதான், ஆனால் நாலைந்து பருப்போடு நிறுத்து. அவனை மட்டும் ஒதுக்கிவிட்டு அக்காவுக்கு பஜ்ஜி வைக்காதே; வீட்டில் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. போனைக் காட்டி ஊட்டுவதும் வேண்டாம். படம் பார்த்துக்கொண்டே தின்கிற பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது.

பள்ளிக்கூடம் நடக்கிற தூரம்தானே, மாப்பிள்ளை ஏன் பைக்கில் கொண்டுபோய் விடுகிறார்? எழுத்தறிவு கற்பிக்க அறிவொளி இயக்கம் வந்து நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகியபோது உன் அம்மாவும் நானும் பழகினோம். அவனுக்கும் ஒரு சைக்கிள் வாங்கிக் கொடு. தினமும் ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும், ஒன்பது மணி நேரமாவது தூங்க வேண்டும்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய கவலை. ‘குண்டா’ என்று யாரும் அவனைக் கூப்பிடக்கூடாது, மாப்பிள்ளையும்தான். அப்படிக் கேட்டுக் கேட்டுக் கூசிப்போன பிள்ளை ஒளிந்து தின்னும், விளையாடப் போகவும் வெட்கப்படும்.

புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் டாக்டரிடம் அவனைக் காட்டு. உயரம், எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்க்கச் சொல். இந்த வாரமே போ, தள்ளிப்போடாதே.

அன்புடன்,
பெரியம்மா