ஐந்து பிடி மண்

ஸ்ரீ:

உற்சவ சேவைக்கென வெளியூர்களிலிருந்து வந்துள்ள பாகவதர்கள் சந்நிதிக்கு வருமுன் நாடுவது தாமிரபரணி ஸ்நானத்தையே. பொதிகையில் தோன்றி, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, புன்னக்காயலில் மன்னார் வளைகுடாவோடு சங்கமமாகும் இந்நதி தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடல் சேருவது. நவதிருப்பதி எம்பெருமான்களுக்குத் திருமஞ்சன தீர்த்தம் தருவதும், ஆழ்வார் திருவவதாரம் செய்த திருக்குருகூரைத் தழுவிச் செல்வதும் இதுவே. இதன் பெருமையை எழுதப் பெரியோர் பலர் உளர். இதற்கு நாம் இழைத்துவரும் அபசாரத்தைக் குறித்தே அடியேன் எழுதத் துணிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தை அமாவாசை கழிந்த வாரத்தில், சங்கமத்தைச் சேவிக்க விரும்பிப் புன்னக்காயல் சென்றிருந்தேன். அலையாத்திச் செடிகள் அடர்ந்த கழிமுகத்தில் முதிய மீனவர் ஒருவர் வலையைப் பிரித்துக் கொண்டிருந்தார். வலையில் மீனைக் காட்டிலும் துணியே மிகுதி. மஞ்சள் கறை படிந்த வேட்டி ஒன்றும், பாலியெஸ்டர் புடவை ஒன்றும் கண்ணிகளில் சிக்கிக் கிடந்தன. அடியேனின் திருமண்ணைப் பார்த்து அவர் சொன்னார்: "சாமி, பாவத்தை ஆத்துல விட்டாச்சுன்னு மேல உள்ளவங்க போயிடுறாங்க. அது இங்க வந்து எங்க வலையில விழுது. துணியை ஆத்துல விடணும்னு உங்க சாஸ்திரத்துல இருக்கா?"

அவருக்கு விடை சொல்ல இயலவில்லை. தோஷ பரிகாரமென்று வந்தவர்களிடம், "உடுத்தியிருப்பதை ஆற்றோடு விட்டுவிடும்" என்று அடியேனும் பலமுறை சொல்லியவன் ஆதலால் நா எழவில்லை. ஊர் திரும்பியதும், பாடசாலையில் கற்ற சுவடிகளை மீண்டும் எடுத்தேன்.

ஆற்றில் ஆடையை விடும் விதியை அடியேன் கற்ற தர்ம சாஸ்திரங்களில் எங்கும் காணவில்லை. கண்டதெல்லாம் அதற்கு நேர்மாறானவை. தைத்திரீய ஆரண்யகத்தின் அருண ப்ரச்னம் நீரில் உமிழ்வதையும் மலஜலம் கழிப்பதையும் விலக்குகிறது. ஸ்நான விதியிலோ, உடலழுக்கை நீர்நிலைக்கு வெளியே கழுவிக்கொண்ட பின்னரே தீர்த்தத்தில் இறங்க வேண்டும். முழுகி எழுந்தபின் வஸ்திர நிஷ்பீடனம் என்று ஒரு கர்மா உண்டு. சந்ததியற்று மறைந்த குலத்தாருக்காக நனைந்த ஆடையைப் பிழிந்து விடுவது அது. அந்தப் பிழிநீரையும் கரையில், நிலத்தில்தான் விட வேண்டும். பிழிந்த நீரே நதியில் விழலாகாது எனில், ஆடையையே விடுவது எங்ஙனம் தகும்? வஸ்திர தானம் என்ற உயர்ந்த தர்மம் இருக்க, அதை ஆற்றுக்கு அளித்துப் பாழாக்குவானேன்?

பிறிதொரு விதி அடியேனை வியக்க வைத்தது. பிறர் வெட்டிய குளத்தில் நீராடுபவன் முதலில் ஐந்து பிடி மண்ணை எடுத்துக் கரையில் போட்டுவிட்டே நீராட வேண்டும் என்கிறது யாஜ்ஞவல்க்ய ஸ்ம்ருதி. குளம் வெட்டியவனின் பாவத்தில் பங்கு சேராதிருக்க என்று காரணம் சொல்வதுண்டு. காரணம் எதுவாயினும் ஆகுக. கை மண்ணை எடுத்தது. நாளொன்றுக்கு நூறு பேர் நீராடினால் ஐந்நூறு பிடி வண்டல் கரையேறும். நீரை அனுபவித்தவன் நீர்நிலைக்குக் கடன்பட்டவன் என்னும் கொள்கையை நம் முன்னோர் உபதேசமாக வைக்காமல் கைவேலையாக வைத்தனர். இன்று ஸ்நான சங்கல்பம் மட்டும் எஞ்சியுள்ளது. ஐந்து பிடி மண் போயிற்று. அதைச் சொல்லித் தராமல் விட்டது எங்கள் குற்றமே.

மண்ணைப் பற்றிப் பேசுகையில் இந்நதியின் பழங்கதையையும் நினைக்க வேண்டும். பாண்டியரின் முத்துத் துறையாகிய கொற்கை ஒருகாலத்தில் கடலோரத்தில் இருந்தது. தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் கடல் பின்வாங்க, இன்று அவ்வூர் கடலிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிட்ட காயல் துறையும் அவ்வாறே தூர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் தங்கிய புன்னக்காயல் அதன் பின்னர் சிறந்த துறையாம். துறைமுகங்களையே மூடும் அளவுக்கு மண் கொடுத்த நதி இது.

இப்போது நிலைமை தலைகீழ். மலையடிவாரத்து அணைகளில் மணல் தங்கிவிடுகிறது. அதற்குக் கீழே எஞ்சியதைப் பல்லாண்டுகள் லாரிகள் அள்ளிச் சென்றன. ஆற்று மணல் வெறும் கட்டடப் பொருளன்று. மழைக்கால நீரைத் தன்னுள் வாங்கி வைத்துக் கோடையில் கிணறுகளுக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கும் களஞ்சியம். அக்களஞ்சியம் காலியானால் படுகை தாழும், நிலத்தடி நன்னீர் வலுவிழக்கும், கடலோரத்தில் உவர்நீர் உட்புகும். 2010இல் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த திரு. நல்லகண்ணு தொடுத்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்நதியில் மணல் அள்ளத் தடை விதித்தது. அவர் பொதுவுடைமை இயக்கத்தவர்; எம்பெருமானின் நதிக்காக வழக்காடியது அவரே. நித்தியம் இதில் முழுகும் நாம் அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அடியேன் எண்ணிப் பார்ப்பதுண்டு.

கோடைமேலழகியான் முதலாகக் குறுக்கே நிற்கும் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம். அங்கே வண்டலும் அமலைச்செடியும் மண்டி, நீர் தங்கும் இடம் சுருங்கிப் போயிற்று. 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவால் தூர் வாரும் பணி தொடங்கிற்று. தூர் என்ற பெயரால் மணல் போகிறது என்று மக்கள் முறையிட்டதும் உண்டு. மாநகரச் சாக்கடை ஆற்றில் கலக்கும் விஷயமும் நீதிமன்றம் வரை சென்றதை யாவரும் அறிவர்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இப்பகுதியார் மறவார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கி நிற்க, அருகிலிருந்த கிராமத்தார் உணவு சமைத்துக் கொடுத்தனர். வெள்ளம் வடிந்தபின் கரையோர மருத மரங்களைப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு மேல் கிளைகளிலெல்லாம் வேட்டிகளும் புடவைகளும் பிளாஸ்டிக் பைகளும் தொங்கின. எந்தப் படித்துறையில் எவர் விட்ட பாவமோ, ஆறு அவற்றைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை.

சேதனமும் அசேதனமும் எம்பெருமானுக்குத் திருமேனி என்பது நம் சித்தாந்தம். காலட்சேபத்தில் இதைக் கேட்டுத் தலையசைக்கிறோம். அர்ச்சாமூர்த்தியின் திருமேனியில் ஒரு தூசு படிந்தாலும் பதைக்கும் அர்ச்சகனாகிய அடியேன், அதே திருமேனியாகிய ஆற்றில் சோப்பு நுரையும் எண்ணெய்ப் புட்டியும் மிதக்கக் கண்டு வாளா இருந்தேன் எனில், கற்ற வேதாந்தம் ஏட்டளவே. திருமேனி என்றால் அது நம் உடைமை அன்று. சேஷனுக்கு உரியது தேவைக்கு ஒரு குடம். மணலை விற்கவும் கழிவைக் கொட்டவும் அவனுக்கு உரிமை ஏது?

இவ்வுற்சவம் முதல் சிறு ஏற்பாடு ஒன்று செய்துள்ளோம். படித்துறை மண்டபத்தில் மூங்கில் கூடைகள் வைக்கப்பட்டுள்ளன. பரிகாரத்திற்கென ஆடை களைவோர் அதைக் கூடையில் இடுக. துவைத்து, ஏழைகளுக்கு வஸ்திர தானமாக அளிக்கப்படும். கிழிந்தவற்றைத் தனியே வைக்கவும். எண்ணெய், சீயக்காய் தேய்ப்போர் கரையிலுள்ள தொட்டி நீரிலேயே கழுவிக்கொண்டு பின்னர் ஆற்றில் இறங்கவும். தீர்த்தவாரிக்கு முதல்நாள் விடியற்காலையில் படித்துறையைத் தூர் வாரும் கைங்கர்யம் நடைபெறும். அடியேனும் பாடசாலைப் பிள்ளைகளும் ஐந்து மணிக்கே இறங்கிவிடுவோம். மண்வெட்டிகள் பதினைந்து மட்டுமே இருப்பதால், இயன்றவர்கள் ஒன்று கொண்டு வரலாம். இல்லாதவர்களுக்கு ஐந்து பிடி அள்ளக் கை உண்டு.