மருதியிலிருந்து தொடங்குங்கள்

ஜோசப் கொன்ராட்டின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' எங்களுக்குப் பாடம். கதை நடக்கும் கொங்கோ வெகு தூரமாகத் தெரிகிறது. நம் பக்கத்துக் கதை ஏதும் உண்டா? (மாணவி, பாலையூற்று)

உண்டு. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யை முதலில் படியுங்கள்; ஒரு மாலைப்பொழுது போதும். திருநெல்வேலிப் பக்கத்து ஏழைப்பெண் மருதி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சீரழிகிறாள். அவளை நசுக்குவது வெள்ளைத் துரை மட்டுமல்ல, நம்மவர்களும்தான். 1899இல் வெளிவந்த கொன்ராட்டின் கதையில் ஆபிரிக்கர்கள் அநேகமாக வாய் திறப்பதே இல்லை. நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1975இல் அவரைக் கடுமையாகச் சாடியதற்கு அதுவும் ஒரு காரணம். மருதிக்கோ பெயர் உண்டு, குடும்பம் உண்டு, அவள் வலி நமக்குக் கேட்கும்.

தூரம் என்கிறீர்களே, உங்கள் திருகோணமலையின் பிரெட்றிக் கோட்டை வாசலில் ஒருமுறை நின்று பாருங்கள். 1620களில் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர், அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். நிலைக்கல்லில் கயல் உருவமும் தமிழ் எழுத்தும் இன்றும் இருக்கின்றன. கொன்ராட் சொல்லும் கொள்ளை உங்கள் ஊரிலேயே நடந்தது.

பிறகு லெனாட் வூல்ஃபின் 'த வில்லேஜ் இன் த ஜங்கிள்' (1913). அம்பாந்தோட்டையில் அதிகாரியாக இருந்தவர் எழுதியது; அதில் குடியானவனை அழிப்பவர்கள் உள்ளூர்த் தலைவனும் கடன் கொடுப்பவனும். இரண்டையும் முடித்துவிட்டுக் கொன்ராட்டை எடுங்கள், பரீட்சைக்கு எழுத உங்களிடம் சொந்தமாகவே நிறைய இருக்கும்.