கூறைச் சேலையைப் பேணுவது எப்படி?



எம்மவர் திருமணத்தில் கூறைக்கு உள்ள இடத்தை யாவரும் அறிவோம். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் கூறையும் தாலியும் தட்டத்தில் வைக்கப்பட்டு, சபையிலுள்ள பெரியோரின் ஆசிக்காகக் கொண்டுசெல்லப்படுகின்றன. மணமகள் அக்கூறையை உடுத்து மணவறைக்குத் திரும்பிய பின்னரே தாலி ஏறுகிறது. ஒரு காலத்தில் மயிலாடுதுறையிலுள்ள கூறைநாடு, பட்டும் பருத்தியும் கலந்து நெய்த மணச் சேலைகளுக்குப் பெயர்பெற்றிருந்தது. இன்று எமது பிள்ளைகள் பெரும்பாலும் உடுப்பது காஞ்சிபுரப் பட்டு.

இவ்வளவு சிறப்புடைய சேலை திருமணம் முடிந்ததும் எங்கே போகிறது? பல வீடுகளில் அது சூட்கேசுக்குள் போகிறது. சூட்கேஸ் பேஸ்மென்றுக்குள் போகிறது. அடுத்த முறை வெளியே வருவது மகளின் திருமணப் பேச்சு நடக்கும்போதுதான்.

இல்-பிசாரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் குடும்பங்களுக்கு இதிலுள்ள ஆபத்தை நீட்டி விளக்கத் தேவையில்லை. பனி உருகும் வசந்தத்தில் ஒட்டாவா ஆறு பெருகினால் எமது தீவைச் சுற்றியுள்ள நீரும் உயர்கிறது. 2017 மே மாதத்திலும் 2019 ஏப்ரலிலும் இங்கே வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. இரு தடவையும் மொன்றியல் நகரம் அவசரகால நிலையை அறிவித்தது. 2024 ஆகஸ்ட் 9ஆம் திகதி ஒரே நாளில் 150 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தபோது, ஆற்றங்கரையில் இல்லாத வீடுகளிலும் கழிவுநீர்க் குழாய் வழியாகப் பேஸ்மென்றுக்குள் நீர் ஏறியது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளியேறிய எம்மவர், கையில் எடுக்கக்கூடியதை மட்டுமே எடுத்தனர். அலுமாரியில் இருந்த அம்மாவின் கூறையும் அம்மம்மாவின் கூறையும் அங்கேயே போய்விட்டன. அந்த இழப்பு எம் கையில் இருக்கவில்லை. இங்கே இருப்பதைக் காப்பது எம் கையில்தான் இருக்கிறது.

பட்டும் சரிகையும்

பட்டு என்பது எமது தலைமயிரைப் போலப் புரதத்தால் ஆன நார். அதிக வெளிச்சம் பட்டால் மஞ்சளித்து நொய்ந்துபோகும். மிகவும் வரண்ட காற்றில் மடிப்புகளில் வெடிக்கும். ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும். நல்ல சரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றிப் பொன் பூசியது. வெள்ளிக்குப் பகை கந்தகம். அது பட்டால் சரிகை கறுத்துவிடும்.

எங்கே வைப்பது?

பேஸ்மென்றும் வேண்டாம், கூரைக்குக் கீழுள்ள பரணும் வேண்டாம். நாம் படுத்துறங்கும் அறையின் அலுமாரியே நல்ல இடம். வெளிச்சுவரிலும் ஹீற்றரிலும் ஒட்டாத தட்டாக இருக்கட்டும். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருப்பது நல்லது. மாரியில் ஹீற்றர் ஓடும்போது எமது வீடுகளில் அது 30க்கும் கீழே இறங்கிவிடும். கோடையில் பேஸ்மென்றில் 65ஐத் தாண்டும். ஈரப்பதம் காட்டும் சிறு கருவியைக் குறைந்த விலையிலேயே வாங்கலாம்.

எதில் சுற்றுவது?

பல தடவை தோய்த்த, கஞ்சி போடாத வெள்ளைப் பருத்தி வேட்டி போதும். அமிலமற்ற மெல்லிய தாள் கிடைத்தால் மடிப்புகளுக்குள் அதைச் சுருட்டி வையுங்கள். மடிப்பு கூராக விழாது. சரிகை மிகுந்த சேலையைப் பருத்தித் துணி சுற்றிய தடித்த குழாயில் உருட்டி வைப்பது இன்னும் நல்லது. கடைப் பிளாஸ்ரிக் பை, செய்தித்தாள், இறப்பர் நாடா மூன்றையும் தவிருங்கள். பை ஈரத்தை அடைத்துவைக்கும், செய்தித்தாள் அமிலம் கொண்டது, இறப்பர் கந்தகத்தை வெளிவிடும்.

நப்தலின் உருண்டைகளும் வேண்டாம். அவற்றின் ஆவி உடலுக்குக் கெடுதி. ஜீ6பீடீ என்னும் நொதி குறைந்த குழந்தைகளுக்கு, அவ்வுருண்டையோடு வைத்த துணியைச் சுற்றினால் இரத்தச் செல்கள் சிதைந்து கடுமையான மஞ்சட்காமாலை வரலாம். பூச்சி வராமலிருக்கச் சுத்தமான சேலையும் தூசி தட்டிய அலுமாரியுமே முதற்காப்பு.

கறை

உடுத்த சேலையை அன்றே மடிக்காதீர்கள். ஓர் இரவு நிழலில் காற்றாட விடுங்கள். வியர்வையின் உப்பு பட்டையும் சரிகையையும் அரிக்கும். குளிர்பானம் சிந்திய இடம் அன்று தெரியாது. சில வருடங்களில் மண்ணிறமாகத் தெரியும். மஞ்சள் கறையில் சவர்க்காரம் போட்டால் அது சிவக்கும். வீட்டில் தோய்க்க முற்படாமல், சரிகைப் பட்டில் பழக்கமுள்ள ட்றை கிளீனிங் கடையில் கறைகளைச் சுட்டிக்காட்டிக் கொடுங்கள்.

வெள்ளம் பட்டுவிட்டால்

48 மணித்தியாலங்களுக்குள் பூஞ்சணம் தொடங்கிவிடும். கையுறை போட்டுச் சேலையைத் தட்டையாகத் தூக்குங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். கரைச் சாயம் உடலில் ஊறாதபடி மடிப்புகளுக்கு இடையில் வெள்ளைத் துவாய் விரித்து, மின்விசிறிக் காற்றில் உலரவிடுங்கள். உடனே இயலாவிட்டால் பையில் இட்டுப் ஃபிறீசரில் வையுங்கள். பூஞ்சணம் வளராமல் அவகாசம் கிடைக்கும். 1972 முதல் ஒட்டாவாவில் இயங்கும் கனடியப் பாதுகாப்பு நிறுவனம் அரும்பொருட் காட்சிச்சாலைகளுக்காகத் துணி பேணும் குறிப்புகளை வெளியிட்டுள்ளது; அவை வீட்டிற்கும் பயன்படும்.

கணக்கும் ஒன்று

கணக்கியலில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. வாகனம் ஓட ஓடப் பெறுமதி குறையும். கூறைக்கோ பூட்டி மறந்துவிட்டால்தான் தேய்மானம். ஒரே மடிப்பில் இருபது வருடம் கிடந்த பட்டு அந்த மடிப்பிலேயே கிழியும். ஆகவே வருடத்தில் இரண்டு தடவை இருப்பெடுப்போம்: நவராத்திரிக்கு ஒன்று, பனி உருகும் காலத்தில் வரும் பங்குனி உத்தரத்திற்கு ஒன்று. கை கழுவி, மோதிரம் கழற்றி, சேலையை விரித்துப் பார்த்து, மடிப்பை மாற்றி வைப்போம்.

சேலையைப் படம் பிடித்து, பற்றுச்சீட்டோடு சேர்த்து வையுங்கள். வீட்டுக் காப்புறுதியில் ஆற்று வெள்ளமும் கழிவுநீர்ப் பின்னேற்றமும் பெரும்பாலும் தனித்தனியாகச் சேர்க்கவேண்டியவை. உங்கள் பொலிசியில் அவை உண்டா என்று வசந்தத்திற்கு முன்பே கேட்டறியுங்கள்.

இருப்பெடுக்கும் அன்று பிள்ளைகளையும் அருகில் இருத்திக்கொள்ளுங்கள். இக்கூறையை யார் எடுத்துத் தந்தார்கள், எந்த ஊரில், யாருடைய ஆசியோடு உடுத்தது என்று சொல்லிக் கொடுங்கள். சேலை இருந்து கதை இல்லாவிட்டால், பிற்காலத்தில் அதைத் தேடி எடுக்கவும் ஒருவர் இருக்கமாட்டார்.