ஆற்றைக் கடந்தும் பாருங்கள்
மலாக்காவின் கோட்டையும் கடைத்தெருவும்

விடுமுறை நாட்களில் மலாக்காப் பட்டணத்தில் கூடும் கூட்டத்தைக் காணும்போது நமக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. ஜாசின், அலோர் காஜா வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து குடும்பத்தோடு வருவோரும், கோலாலம்பூர், சிங்கப்பூர் முதலிய ஊர்களிலிருந்து வருவோரும் சிவப்புச் சதுக்கத்தில் நின்று படம் எடுத்துக் கொள்கிறார்கள். குன்றின் மீது ஏறி இறங்குகிறார்கள். கோட்டை வாசலைத் தொட்டுப் பார்க்கிறார்கள். பின்பு ஊர் திரும்பி, "ஐரோப்பியர் கட்டிய பழைய நகரத்தைப் பார்த்து வந்தோம்" என்கிறார்கள்.

அவர்கள் பார்த்தது நகரத்தில் பாதிதான். மறுபாதி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. வணிகத்தையே வாழ்வாகக் கொண்ட நம்மவர்க்கு உரிய பாடம் அந்த மறுபாதியில் அடங்கியுள்ளது. ஆகவே இரு கரைகளையும் ஒரு முறை சுற்றி வருவோம்.

கோட்டைக் கரை

சதுக்கத்தில் முதலில் கண்ணில் படுவது ஸ்டாட்ஹைஸ் என்னும் மாளிகையாகும். டச்சுக் கவர்னரும் அவருடைய அலுவலரும் இருந்து ஆட்சி நடத்திய இடம் இது. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்தது. பக்கத்திலுள்ள கிறிஸ்து தேவாலயத்திற்கு 1741இல் கால்கோள் செய்யப்பட்டு, 1753இல் வேலை முடிவுற்றது. அதன் உள்ளே சென்று மேலே நோக்குங்கள். கூரையைத் தாங்கும் உத்திரம் ஒவ்வொன்றும் ஒரே மரத்தில் வெட்டியது. எங்கும் ஒட்டுப் போட்டதில்லை. அவசரமாக வந்து போவோர் இதைக் காண்பதில்லை.

குன்றின் உச்சியில் கூரையிழந்து நிற்கும் கட்டிடம், போர்த்துக்கீசியர் 1521இல் எழுப்பிய தேவாலயமாகும். அப்பால் இறங்கினால் கோட்டை வாசல். அல்போன்சோ டி அல்புகர்க் 1511ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மலாக்காவைப் பிடித்ததும், அங்கிருந்த பள்ளிவாசல்களையும் கல்லறைகளையும் இடித்து, அந்தக் கற்களையும் கொண்டு இக்கோட்டையைக் கட்டினான். 1641இல் அதைக் கைப்பற்றிய டச்சுக்காரர் பழுது பார்த்து, வாசலின் மேல் தங்கள் கம்பெனியின் சின்னத்தையும் 1670 என்ற ஆண்டையும் பொறித்தனர். 1807இல் ஆங்கிலேயர் வெடிமருந்து வைத்துக் கோட்டையைத் தகர்த்தபோது எஞ்சியது இந்த ஒரு வாசலே. மூன்று வல்லரசுகளின் கதையையும் இவ்வொரு வாசல் சொல்லுகிறது.

புதையுண்டு கிடந்த பகுதி ஒன்றும் நம் காலத்தில் வெளிப்பட்டது. சுழல் கோபுரம் அமைப்பதற்காக 2006இல் ஆற்றோரம் மண்ணைத் தோண்டியபோது பழைய கொத்தளத்தின் அடிச்சுவர் தென்பட்டது. கோபுரத்தை வேறிடத்திற்கு மாற்றி, மிடல்பர்க் கொத்தளம் எனப்படும் அந்தப் பகுதியை மீண்டும் கட்டி வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு பருத்த சுவர்கள் எதற்காக? வாணிபத்தைக் கைக்குள் வைத்துக் கொள்வதற்காக. அது முடிந்ததா என்று கேட்டால், முடியவில்லை என்றே வரலாறு விடை சொல்லுகிறது. போர்த்துக்கீசியர் பிடித்தபின் முஸ்லிம் வணிகர்களில் பெரும்பாலோர் அச்சே, ஜொகூர், பாந்தாம் முதலிய துறைமுகங்களுக்குத் தங்கள் சரக்கைத் திருப்பிக் கொண்டனர். பின்னாளில் ஆங்கிலேயர் 1786இல் பினாங்கையும் 1819இல் சிங்கப்பூரையும் சுங்கமில்லாத் துறைகளாகத் திறந்தபோது, மிச்சமிருந்த கப்பல்களும் அங்கே போய்விட்டன. நியாயமும் தாராளமும் உள்ள இடத்தையே சரக்கு நாடும்; சுவர் எழுப்பி அதைக் கட்டி வைக்க இயலாது.

சுவருக்கு முந்திய நகரம்

இந்த உண்மையை மலாக்கா சுல்தான்கள் நன்கு அறிந்திருந்தனர். 1400ஆம் ஆண்டளவில் மீனவர் குடியிருப்பாக இருந்த இடம் ஒரு நூற்றாண்டிற்குள் உலகச் சந்தையாக உயர்ந்ததன் இரகசியம் அதுவே. 1512 முதல் 1515 வரை இங்கிருந்த தொமே பிரேஸ் என்ற போர்த்துக்கீசியர் எழுதி வைத்த குறிப்புகள், அவர்கள் வெல்வதற்கு முன் நகரம் எப்படி நடந்தது என்பதை நமக்குக் காட்டுகின்றன. துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டன என்கிறார் அவர்.

அந்தக் கூட்டத்தை ஒழுங்குபடுத்த நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுக அதிகாரிகள், இருந்தனர். குஜராத்தியருக்கு ஒருவர், சோழமண்டலக் கரையார், வங்காளத்தார், பெகு, பாசாய் நாட்டார் ஆகியோருக்கு ஒருவர், ஜாவா முதலிய தீவுகளிலிருந்து வருவோருக்கு ஒருவர், சீனர் முதலானோருக்கு ஒருவர். மேற்கிலிருந்து வரும் சரக்கிற்கு நூற்றுக்கு ஆறு வீதம் தீர்வை. சரக்கின் மதிப்பை அதிகாரி தம் மனம்போல் எழுதிவிட முடியாது. பத்து வணிகர்கள் கூடி விலை மதித்தனர். அவர்களில் ஐவர் நம் சோழமண்டலக் கரையினர், மற்ற ஐவர் பிற நாட்டார். வரி கட்டுகிறவனின் இனத்தாரும் மதிப்பிடும் சபையில் அமர்ந்திருந்தபடியால் அந்த விலையில் நம்பிக்கை இருந்தது.

இதன் பெருமை எவ்வளவு தூரம் எட்டியது என்பதையும் அறிய வேண்டும். மொலுக்காஸ் கிராம்பும் பண்டா ஜாதிக்காயும் இங்கே கைமாறி, குஜராத், ஏடன், அலெக்சாந்திரியா வழியாக வெனிஸ் நகரத்தை அடைந்தன. ஐரோப்பாவின் பெருமை வாய்ந்த அந்நகரத்துச் செல்வத்தில் ஒரு பங்கு இந்த ஆற்றங்கரையில் நிறுக்கப்பட்டதே ஆகும்.

நம்மவர் இங்கே சரக்கு விற்றுப் போனதோடு நிற்கவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் ராஜா காசிம் என்ற இளவரசர் சுல்தான் முசாபர் ஷா என்ற பெயரோடு அரியணை ஏறினார். அவருடைய தாயார் தமிழ் முஸ்லிம் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தாய்மாமன் துன் அலியின் துணையும் அவருக்கு இருந்தது.

கடைத்தெருக் கரை

இனி ஆற்றைக் கடப்போம். 1511இல் கடும் போர் நடந்தது ஆற்றின் மீதிருந்த பாலத்தைப் பிடிப்பதற்காகத்தான். பாலம் கைக்கு வந்தால் இரு கரையும் கைக்கு வரும் என்பதை அல்புகர்க் உணர்ந்திருந்தான். இன்று அந்தப் பாதையைச் சில அடிகளில் கடந்து விடுகிறோம்.

வருவோர் பெரும்பாலும் ஜோங்கர் தெருவோடு நின்று விடுகிறார்கள். அதற்கு அடுத்த தெருவுக்குச் சென்றால் பெயர்களே பாடம் சொல்லும். ஒரு பகுதிக்குத் தட்டார் தெரு என்று பொருள்படும் ஜாலான் துக்காங் எமாஸ். இன்னொன்றுக்குக் கொல்லர் தெரு என்று பொருள்படும் ஜாலான் துக்காங் பெசி. தட்டார் தெருவிலுள்ள கம்போங் கிலிங் பள்ளிவாசலை இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748இல் மரத்தால் எழுப்பினர். 1872இல் அது செங்கல்லால் புதுப்பிக்கப்பட்டது. அடுக்கடுக்கான கூரை சுமத்ரா முறையிலும், மினாரா சீன அடுக்குக் கோபுரம் போன்றும் அமைந்திருக்கின்றன. பளிங்கு ஓடுகளில் சில ஐரோப்பாவிலிருந்து வந்தவை. மிம்பரின் மரச் சிற்பத்தில் இந்திய, சீனக் கைவேலையைக் காணலாம். பல நாட்டுச் சரக்கைக் கையாண்ட வணிகர்கள் தங்கள் தொழுமிடத்தையும் அவ்வாறே அமைத்தார்கள் போலும்.

அதே தெருவில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. மலாக்காச் செட்டிகள் எனப்படும் பழந்தமிழ்க் குடியினர்க்கு டச்சு ஆட்சியில் நிலம் கிடைத்து அமைந்த கோயில் அது. சற்றுத் தள்ளிப் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஹூன் தெங் சீனக் கோயில். மூன்றும் கூப்பிடு தூரத்தில், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பகையின்றி நிற்கின்றன. வடக்கே நடந்தால் 1728ஐச் சேர்ந்த கம்போங் ஹுலு பள்ளிவாசல். தெங்கிரா பள்ளிவாசலின் வளாகத்தில், 1819இல் சிங்கப்பூர் பற்றி ராபிள்ஸுடன் உடன்படிக்கை செய்த சுல்தான் உசேன் அடக்கமாகியிருக்கிறார்.

கண்ணுக்குத் தெரியாத செல்வம் ஒன்றும் இங்கே உண்டு. 1796இல் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாவை நவீன மலாய் இலக்கியத்தின் முன்னோடி என்று போற்றுகிறார்கள். அரபு இரத்தமும் தமிழ் இரத்தமும் கலந்த குடும்பம் அவருடையது. தம் வரலாற்றில் அவர் ஒரு செய்தி கூறுகிறார்: மலாக்காவின் வசதியுள்ள குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது முன்னோர் காலத்து வழக்கமாம், கணக்கு எழுதவும் வணிகரோடு பேசவும் அது வேண்டியிருந்ததாம். இந்நகரத்தில் கணக்கு மொழியாகத் தமிழ் இருந்தது என்பதற்கு வேறு சான்று எதற்கு? நம் 'கடை' மலாயில் 'கெடை' ஆகவும், 'கப்பல்' 'காப்பல்' ஆகவும், 'முதல்' 'மோடல்' ஆகவும் இன்றும் வழங்குகின்றன.

மறைந்து வருவது எது?

2008ஆம் ஆண்டு ஜூலையில் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம் பெற்றன. கட்டிடங்களுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. ஆனால் கட்டிடத்திற்குள் இருந்த தொழிலுக்கு அப்பாதுகாப்பு கிடைத்ததென்று சொல்ல இயலாது.

1948க்கு முந்திய கடைவீடுகளின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தி வந்தது. அச்சட்டம் 1997இல் நீக்கப்பட்டது. பல ஆண்டுகள் பழைய வாடகையைப் பெற்று வந்த வீட்டுக்காரருக்கும் இதில் ஒரு நியாயம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் வாடகை பன்மடங்கு உயர்ந்தபோது சிறு வியாபாரிகளும் கைத்தொழிலாளரும் தாங்க முடியாமல் பழைய தெருக்களைவிட்டுக் கிளம்பினர். அவர்கள் இருந்த இடங்களில் தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் நினைவுப் பொருள் கடைகளும் வந்தன. கொல்லர் தெருவில் உலைச் சத்தம் ஓய்ந்தபின் பெயர்ப் பலகை மட்டும் நின்று என்ன பயன்?

கோட்டை போனது, ஒரு வாசலாவது மிஞ்சிற்று. கடை போனால் அவ்வளவும் மிஞ்சாது. அதன் வரலாறு கடைக்காரரின் நினைவிலும் கணக்குப் புத்தகத்திலும் மட்டுமே இருக்கிறது. முதலாளி காலமானதும் புத்தகம் பழைய காகிதக்காரனிடம் போய்விடுகிறது.

நாம் செய்யத்தக்கவை

வாடகையை இறக்குவது நம் கையில் இல்லை. ஆயினும் நம் கையில் உள்ளவை சில உண்டு.

முதலாவது, ஒவ்வொரு கடைக்காரரும் தம் கடையின் வரலாற்றை ஒரு தாளிலாவது எழுதி வைக்கட்டும். முதலில் வந்தவர் யார், எந்த ஊரிலிருந்து எந்த ஆண்டு வந்தார், முதல் போட்டது யார், என்ன சரக்கு விற்றார், எந்தத் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்துச் சரக்கு அனுப்பினார் என்பவற்றைக் குறிக்கட்டும்.

இரண்டாவது, பழைய பேரேடு, வாடகைச் சீட்டு, ராஜூலா கப்பலின் பயணச் சீட்டு, கடைவாசலில் எடுத்த படம் ஆகியவற்றை எறியாமல் பத்திரப்படுத்தட்டும். சங்கத்திற்கு ஒரு நகல் கொடுத்தால், ஒருவர் வீட்டில் தவறினாலும் இன்னோரிடத்தில் இருக்கும்.

மூன்றாவது, பிள்ளைகளைக் கோட்டை வாசலுக்கு அழைத்துச் செல்லும் அதே நாளில் பாலத்தைக் கடந்து தட்டார் தெருவுக்கும் அழைத்துச் செல்லட்டும். எஞ்சியுள்ள பழைய கடைகளில் நின்று பேசி, வேண்டிய பொருளை அங்கேயே வாங்கட்டும். பழைய தொழில் நிலைப்பதற்கு வாங்குவோர் வேண்டும். வியந்து பார்ப்போர் மட்டும் போதாது. இதை வணிகராகிய நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தொமே பிரேஸ் எழுதி வைத்ததனால் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய பத்து வணிகர்களின் சபை நமக்குத் தெரிகிறது. நம் கடைத்தெருவின் கதையை அந்நியர் ஒருவர் வந்து எழுதட்டும் என்று காத்திராமல், நம் கையாலேயே எழுதி வைப்போமாக.