தருமபுரிப் பாறையில் அம்மோனைட் ஏன் இல்லை?

பத்தாம் வகுப்பு அறிவியலில் தொல்லுயிர்ப் படிவங்களைப் பற்றிப் பேசும்போது, தருமபுரி மாவட்ட மாணவர்களிடமிருந்து ஒரு கேள்வி வரும்: “நம்ம ஊர்ப் பாறையில கிடைக்குமா, சார்?” கிடைக்காது. அந்தப் பதிலோடு நிறுத்தாமல் ‘ஏன்’ என்று தேடவைத்தால், அதுவே ஒரு முழுப் பாடவேளைக்குப் போதும்.

அம்மோனைட் சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த கடல்விலங்கு. பார்வைக்கு நத்தை போலிருக்கும்; உறவோ கணவாயோடும் ஆக்டோபசோடும். நத்தையின் ஓடு ஒரே குழல். அம்மோனைட் ஓட்டிலோ குறுக்குச் சுவர்களால் பிரிந்த பல அறைகள். விலங்கு குடியிருந்தது கடைசி அறையில் மட்டுமே. கண்டகி ஆற்றுச் சாளக்கிராமங்கள் பலவற்றில் தெரியும் சக்கரம் அம்மோனைட்டின் பதிவுதான். வீட்டுப் பூஜையில் அதைப் பார்த்த மாணவர் ஒருவராவது வகுப்பில் இருக்கக்கூடும்.

நம் மாநிலத்தில் அம்மோனைட்டைப் பார்க்க அரியலூர், பெரம்பலூர் பக்கம் போக வேண்டும். கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் அங்கே உள்ளே புகுந்திருந்தது. 1862இல் வெளியான தம் ஆய்வில் பிளான்போர்டு அந்தப் படிவுகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அங்கு கிடைத்த அம்மோனைட்டுகளை அடுத்த சில ஆண்டுகளில் ஸ்டோலிஸ்கா விவரித்தார். எந்த அடுக்கில் எந்த இனம் என்பதை வைத்தே பாறையின் காலத்தைக் கணிக்கிறார்கள்.

இனி இரண்டரை மீட்டர் கயிறு ஒன்றை எடுங்கள். ஒரு சென்டிமீட்டர் ஒரு கோடி ஆண்டு. ஒரு முனை இன்று. மறுமுனையில், 250 கோடி ஆண்டு அளவில், தருமபுரியின் நைஸ், சார்னோகைட் பாறைகள். 6.6 செ.மீ.இல் டைனோசர்களோடு அம்மோனைட்டும் அழிகிறது. 11 செ.மீ. பக்கத்தில் அரியலூர்க் கடல். 40 செ.மீ. அருகே அம்மோனைட்டின் முன்னோர். 54 செ.மீ. அளவில்தான் ஓடுள்ள விலங்குகள் பெருகத் தொடங்குகின்றன. அதற்கப்பால் மறுமுனை வரை ஏறக்குறைய இரண்டு மீட்டர் வெறும் கயிறு! நம் பாறை உருவானபோது புதைய ஓடே இல்லை. இருந்திருந்தாலும், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பமும் அழுத்தமும் அதை உருத்தெரியாமல் ஆக்கியிருக்கும். மாணவர்கள் இதைத் தாங்களே சொல்லும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டு நாம் சொல்லிவிடக் கூடாது.

அரியலூர் அருகே வாரணவாசி அருங்காட்சியகத்துக்குச் சுற்றுலா போவதானால், கிளம்புமுன்பே ஒன்றைப் பேசிவிடுங்கள். மெருகேற்றிய அம்மோனைட்டுகள் இணையத்தில் விலைக்கு வருவதை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். ஓடையில் கண்டதைப் பையில் போட்டுக்கொள்ளத் தோன்றும். எடுத்த அடுக்கு தெரியாத அம்மோனைட் அலமாரிக்கு அழகு, அவ்வளவே. அது பாறையின் காலத்தைச் சொல்லாது. படம் எடுக்கலாம், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து.

கையில் தொட்டுப் பார்க்க வகுப்பிலேயே செய்துகொள்ளலாம். வயலில் கிடக்கும் காலி நத்தை ஓட்டில் எண்ணெய் தடவி, ஈரக் களிமண்ணில் அழுத்தி எடுத்தால் அச்சு கிடைக்கும். அதில் பாரிஸ் சாந்தைக் கரைத்து ஊற்றினால் வார்ப்பு. இன்னொரு ஓட்டின் உள்ளே சாந்தை நிரப்பி, இறுகியதும் ஓட்டை மெல்ல உடைத்தெடுத்தால் உள்வார்ப்பு. அரியலூரில் அம்மோனைட்டுகள் பலவும் கிடைப்பது இந்த மூன்றாம் வடிவில்தான். குறுக்குச் சுவர்கள் ஓட்டைத் தொட்ட இடங்கள் அவற்றின் மேல் இலை விளிம்பு போல நெளிந்த கோடுகளாகத் தெரியும். நத்தை வார்ப்பில் அந்தக் கோடு ஏன் இல்லை என்று கேட்டுப் பாருங்கள்.